காயத்துக்கு வழி கண்டுபிடிக்கும் செல்கள்

போன மாதம் மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் அம்மா வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தபோது அரிவாள்மனை இடது ஆள்காட்டி விரலைப் பதம் பார்த்துவிட்டது. குழாயடியில் கழுவி, துணியைச் சுற்றிக்கொண்டு மிச்சத் தண்டையும் நறுக்கி முடித்தார். மறுநாள் காலை காயத்தின் ஓரம் சிவந்து, தொட்டால் சூடாக இருந்தது. "சீழ் வைத்துவிடுமோ?" என்று கவலைப்பட்டார்.

அந்தச் சிவப்பைப் பார்த்து எனக்கு நிம்மதிதான் வந்தது. செல்கள் வந்து சேர்ந்துவிட்டன என்பதற்கு அது அடையாளம்.

முதலில் வருபவை நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள். இரத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தவற்றுக்கு விரல் நுனியில் வெட்டுப்பட்டது எப்படித் தெரிந்தது? அவற்றின் மேல்சவ்வில் ஏற்பிகள் என்ற புரதங்கள் பதிந்திருக்கின்றன. அடிபட்ட திசுவிலிருந்து கசியும் இன்டர்லூகின்-8 போன்ற மூலக்கூறுகள் அவற்றில் வந்து ஒட்டுகின்றன. ஒட்டியதும் ஏற்பியின் வடிவம் மாறி, சவ்வுக்கு உட்புறம் செய்தியைக் கடத்தக் காத்திருக்கும் ஜி-புரதத்தைத் தூண்டிவிடுகிறது. இந்த ஏற்பிக் குடும்பத்தை ஆராய்ந்ததற்காக ராபர்ட் லெஃப்கோவிட்ஸும் பிரையன் கோபில்காவும் 2012-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள்.

செய்தி கிடைத்தால் போதுமா? திசையும் தெரிய வேண்டும். மாட்டுங்கா மார்க்கெட்டில் காப்பிக்கொட்டை வறுக்கும் கடையை வாசம் பிடித்துத் தேடுகிறவர் நாலு அடி நடப்பார், வாசம் கூடியதா என்று பார்ப்பார், குறைந்தால் திரும்புவார். ஈ.கோலை பாக்டீரியாவும் அப்படித்தான், முந்தைய கணத்தையும் இந்தக் கணத்தையும் ஒப்பிட்டே நகர்கிறது. நியூட்ரோஃபிலுக்கு அந்த அலைச்சல் இல்லை. ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கே இருக்கும் தன் உடலின் ஒரு பக்கத்தில் எத்தனை ஏற்பிகள் நிரம்பின, மறுபக்கத்தில் எத்தனை என்று ஒரே நேரத்தில் ஒப்பிடுகிறது. சுமார் 2 சதவீத வித்தியாசமே அதற்குப் போதும். கூடுதலாக நிரம்பிய பக்கம் ஆக்டின் என்ற புரத இழைகள் வளர்ந்து சவ்வை முன்னே தள்ளுகின்றன. பின்பக்கத்தை மயோசின் என்ற இன்னொரு புரதம் சுருக்கி இழுக்கிறது.

இன்னொரு ஏற்பி என்னை எப்போதும் வியக்க வைக்கிறது. பாக்டீரியாக்கள் தங்கள் புரதங்களை ஃபார்மைல் மெத்தியோனின் என்ற துண்டோடு தொடங்குகின்றன. அந்தத் துண்டைக் கண்டுகொள்வதற்கென்றே நியூட்ரோஃபிலில் ஓர் ஏற்பி உண்டு. நம் செல்களுக்குள் இருந்து ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் பழைய பாக்டீரியா வம்சம்தான். அது தனக்குள்ளேயே செய்துகொள்ளும் புரதங்களும் அப்படியே தொடங்குகின்றன. செல் நசுங்கி மைட்டோகாண்ட்ரியா வெளியே சிந்தினால், கிருமியே இல்லாத காயத்துக்கும் நியூட்ரோஃபில்கள் ஓடி வருகின்றன.

திசை தெரிந்தாலும் இரத்த ஓட்டத்தில் நிற்கப் பிடிமானம் வேண்டும். இன்டெக்ரின்கள் என்ற ஏற்பிகளே அந்தப் பிடி. இரத்தக்குழாயின் சுவரைப் பற்றி நிறுத்திய பிறகே வெள்ளணு இடுக்கு வழியே திசுவுக்குள் நுழைகிறது. பீட்டா-2 இன்டெக்ரின் இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. அரிதான நோய். இரத்தத்தில் வெள்ளணுக்கள் நிறைந்திருந்தும் அவை வெளியே வருவதில்லை. தொப்புள்கொடி விழவே வாரக்கணக்கில் தாமதமாகும், தொற்று கண்ட இடத்தில் சீழும் கட்டாது. சீழ் என்பதே பெரும்பாலும் செத்த நியூட்ரோஃபில்கள்தானே! அம்மா பயந்த சீழைக் கட்ட முடியாததுதான் அந்தக் குழந்தைகளுக்கு ஆபத்து.

பிறகு தோலின் முறை. காய விளிம்பில் உள்ள தோல் செல்கள் அடித்தளத்தோடு தங்களைக் கட்டிவைத்திருந்த இன்டெக்ரின் முடிச்சுகளை அவிழ்த்துவிட்டு, கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைப் பற்றும் வேறு இன்டெக்ரின்களால் பொருக்குக்கு அடியில் ஊர்கின்றன. இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் விட்டுச்சென்ற பிடிஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி, புதுத் திசுவை நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை அழைக்கிறது.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். அவர் பாதத்தில் செருப்பு கடித்த சிறு புண் ஆற மூன்று மாதம் ஆனது. அத்தகைய புண்களில் நியூட்ரோஃபில்கள் சரியாக நகர்வதில்லை; அழற்சி ஓயாமல் நீடிக்க, அங்கே பெருகும் நொதிகள் வளர்ச்சிக் காரணிகளையே தின்றுவிடுகின்றன. அழைப்பே போய்ச் சேராமல் ஏற்பி என்ன செய்யும்? இதற்காகத்தான் பிடிஜிஎஃப் கலந்த களிம்புக்கு 1997-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பயன் உண்டு, ஆனால் எல்லாப் புண்ணையும் அது ஆற்றிவிடுவதில்லை.

அம்மாவின் விரலில் ஒன்பதாம் நாள் பொருக்கு உதிர்ந்தது. இரு விளிம்பிலிருந்தும் ஊர்ந்து வந்த செல்கள் ஒன்றையொன்று தொட்டு நின்ற இடத்தில், இளஞ்சிவப்பாக ஒரு கோடு.