டோரை உடைக்காமல் ஆளைப் பிடிப்பது எப்படி?

2013 டிசம்பர் 16, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தேர்வு நாள். காலையிலேயே வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. கட்டடங்களைக் காலி செய்து தேடினார்கள். குண்டு எதுவும் இல்லை. அனுப்பியவர், இணையத்தில் ஆளை அடையாளம் தெரியாமல் மறைக்கும் டோர் (Tor) வலையமைப்பு வழியாக, கணக்கே தொடங்க வேண்டாத ஒரு தற்காலிக மெயில் சேவைக்குப் போயிருந்தார். அப்படியும் எஃப்பிஐ அன்றே அவரிடம் வந்துவிட்டது.

டோருக்கு அடிப்படையான யோசனை 1990களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பிறந்தது. நீங்கள் அனுப்புவதை உறைக்குள் உறையாக மூன்று முறை பூட்டி, தன்னார்வலர்கள் நடத்தும் மூன்று ரிலே கணினிகள் வழியே அது கடத்துகிறது. ஒவ்வொரு ரிலேயும் ஓர் உறையைத்தான் பிரிக்க முடியும். முதல் ரிலேக்கு உங்கள் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண்) தெரியும், போகுமிடம் தெரியாது. கடைசி ரிலேக்குப் போகுமிடம் தெரியும், ஆள் தெரியாது. நடுவிலிருப்பதற்கு இரண்டுமே தெரியாது.

ஆனால் நீங்கள் டோரில் இருக்கிறீர்கள் என்பதை அது தானாக மறைக்காது. ரிலேக்களின் பட்டியல் பெரும்பாலும் பொதுவெளியிலேயே கிடைக்கும். அந்த ஹார்வர்ட் மெயிலோடு வந்த அனுப்பு விவரங்களில் (header) டோரின் சுவடு இருந்தது. சரி, அந்த நேரத்தில் வளாக வைஃபையிலிருந்து டோருக்குப் போனது யார்? பல்கலைக்கழகப் பதிவேடு ஒரு மாணவரைக் காட்டியது. அதை வைத்துச் சந்தேகப்படலாம், அவ்வளவுதான்; டோரைப் பயன்படுத்துவது குற்றமில்லையே. விசாரித்ததும் அவரே ஒப்புக்கொண்டார். தேர்வைத் தவிர்க்கத்தான் இத்தனையும்!

இரு முனைகளையும் கவனிக்க முடிந்தவருக்குப் பூட்டைத் திறக்கவே வேண்டாம். இங்கே புறப்பட்ட நேரமும் அங்கே வந்துசேர்ந்த நேரமும் பொருந்தினால் போதும்.

2015இல் எஃப்பிஐ இன்னும் நேரடியாக இறங்கியது. குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமைப் படங்கள் பகிரப்பட்ட 'பிளேபென்' என்ற டோர் தளத்தின் சர்வரைக் கைப்பற்றி, சுமார் 2 வாரம் தானே நடத்தியது. உள்ளே நுழைந்தவர்களின் கணினிக்கு ஒரு நிரல் போனது. அது டோரைச் சுற்றிக்கொண்டு உண்மையான ஐபியை எஃப்பிஐக்கு அனுப்பியது. பிடிபட்டவர்கள்மீது யாருக்கும் இரக்கம் வராது. எனக்கு உறுத்துவது வேறு: வர்ஜீனியாவில் ஒரு மாஜிஸ்திரேட் தந்த ஒரே வாரன்ட்டை வைத்து, பல நாடுகளில் ஆயிரக்கணக்கான கணினிகளுக்குள் போனார்கள். அது அவருடைய அதிகார எல்லையை மீறியது என்று பல நீதிமன்றங்கள் சொல்லின. ஆனாலும் பெரும்பாலான வழக்குகளில் ஆதாரம் தள்ளுபடியாகவில்லை. 2016 டிசம்பரில், இப்படிப்பட்ட வாரன்ட்டுக்கு இடம்தரும்படி விதியே மாறியது.

அந்த நிரல் எப்படி வேலை செய்தது என்று காட்டச் சொன்னார் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பிளேபென் வழக்கை விசாரித்த நீதிபதி. காட்டுவதைவிட வழக்கை விடுவதே மேல் என்று 2017இல் அரசுத் தரப்பு அதைக் கைவிட்டது.