பக்கவாதம் வந்த கைக்குப் பந்து வேண்டாம்

நீலகிரியில் ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை, பார்க்கிற என்னிடம், பக்கவாதம் வந்து மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் பலரை அழைத்து வருகிறார்கள். தோள் இறங்கியிருக்கும். மூட்டுக்கு மேலே ஒரு விரல் பதியும் அளவுக்குப் பள்ளம். விரல்கள் உள்ளங்கையோடு மடங்கி, நகம் வெட்டக்கூட வழியில்லை. கூடவே ஒரு ஸ்பாஞ்ச் பந்து. "தினமும் நூறு தடவை அமுக்க வைக்கிறோம்" என்று வீட்டில் உள்ளவர்கள் நம்பிக்கையோடு சொல்கிறார்கள். குன்னூர், கோத்தகிரி, கூடலூர், எங்கிருந்து வந்தாலும் இதேதான். இந்த மாதமும் ஓயவில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

பக்கவாதத்துக்குப் பிறகு பெரும்பாலோருக்கு விரலை மடக்கும் தசைகள்தான் முறுக்கேறும். விரிப்பது கடைசியில் வரும். சிலருக்கு வராமலே போகும். டம்ளரைப் பிடித்துவிடுவார்கள், விடத்தான் முடியாது. தானாகவே மடங்கிக்கொண்டு போகிற கைக்குப் பந்தைக் கொடுத்து இன்னும் மடக்கச் சொல்வதில் என்ன பயன்? எலும்பு முறிந்து, கட்டுப் பிரித்த கைக்குப் பந்து உதவலாம். அது வேறு நோய், வேறு கணக்கு. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்னதை உங்கள் அப்பாவுக்குச் செய்யாதீர்கள்.

பந்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். "முதல்ல கை சரியாகட்டும், அப்புறம் வேலை செய்யலாம்" என்ற பேச்சைத்தான் பொறுக்க முடியவில்லை. வரிசையே தலைகீழ். வேலை செய்யச் செய்யத்தான் கை வரும். ஒரு சட்டைப் பொத்தானைப் போட விரல் மட்டும் போதுமா? முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், தோள் அசையாமல் நிற்க வேண்டும், ஒரு கை துணியைப் பிடிக்க, இன்னொரு கை பொத்தானைத் தள்ள, கண் இரண்டையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இவற்றைத் தனித்தனியாகப் பயிற்சி செய்தால் பொத்தான் போட வந்துவிடாது. பொத்தான் போட்டுப் பழகினால்தான் வரும். ஆக்குபேஷனல் தெரபியின் அடிப்படையே இதுதான்.

"பிசியோ பார்க்கிறோமே, இது எதுக்கு?" என்று அடுத்த கேள்வி வரும். தசையின் வலு, மூட்டின் அசைவு, நடை எல்லாம் பிசியோதெரபியில் வரும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், நல்ல காரியம். அந்த வலுவை வைத்துக்கொண்டு ஒருவர் குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறை போவது, அடுப்படிக்கோ தோட்டத்துக்கோ திரும்புவது எங்கள் பக்கம். இரண்டும் வேண்டும். ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று என்று காத்திருக்க வேண்டியதில்லை.

வீட்டில் மருமகளோ மகளோ ஊட்டிவிடுகிறார்கள், குளிப்பாட்டுகிறார்கள், உடுத்திவிடுகிறார்கள். பாசம்தான், புரிகிறது. ஐந்து நிமிட வேலைக்கு அவர் அரை மணி எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எளிதல்ல. ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறேன், அந்த அரை மணியை அவருக்குக் கொடுங்கள். காலையில் வேலைக்கு ஓட வேண்டுமென்றால் மாலையில் பழக்குங்கள்.

இந்த ஊரில் ஸ்வெட்டரிலிருந்து தொடங்கலாம். தலைவழியாகப் போடுவது வேண்டாம், முன்பக்கம் திறப்பதாக இருக்கட்டும். மெத்தையில் அல்ல, பாதம் தரையில் படியும் நாற்காலியில் உட்கார வையுங்கள். ஸ்வெட்டரை மடியில் உட்புறம் மேலே தெரிய விரியுங்கள். கழுத்துப் பகுதி நெஞ்சுப் பக்கம் இருக்க வேண்டும். வராத கையை முதலில் நுழைத்து, நல்ல கையால் துணியை முழங்கைக்கு மேலே தோள்வரை ஏற்றச் சொல்லுங்கள். பாதியில் விட்டால் முதுகுப்பக்கம் இழுக்கும்போது கழன்றுவிடும். பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். பிறகு முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து நல்ல கையை நுழைக்கலாம். கழற்றும்போது நல்ல கை முதலில். சின்னப் பொத்தான்களை எடுத்துவிட்டு வெல்க்ரோ தைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுத் தட்டு விளிம்பு உயர்ந்ததாக இருக்கட்டும், அடியில் ஈரத்துணி போட்டால் நகராது. வலது மூளையில் பாதிப்பு வந்த சிலர் தட்டின் இடது பாதியைத் தொடவே மாட்டார்கள். கண் டாக்டரிடம் அலைவார்கள், கண்ணில் குறையிருக்காது. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கவனிக்கவில்லை. இடது பக்கமாக உட்கார்ந்து பேசுங்கள், தட்டைத் திருப்பிவிடாமல் தலையைத் திருப்பச் சொல்லுங்கள்.

வராத கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். அக்குளில் கைகொடுத்தும் தூக்காதீர்கள். தளர்ந்த தோள் இதனால் இன்னும் இறங்கும். எழுப்ப வேண்டுமானால் பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு முட்டிக்கு நேர் மேலே வரும்வரை முன்னால் குனியச் சொல்லுங்கள். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கும்போது கைக்கு அடியில் தலையணை வையுங்கள். கழுத்திலிருந்து துணித் தொட்டில் கட்டிக் கையை நாள் முழுக்க மாட்டிவிடுவது வேண்டாம், நடக்கும்போது போதும்.

டிசம்பர், ஜனவரி வந்தால் கணப்புச் சுட்ட கைகள் வரும். உணர்ச்சி குறைந்த கைக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் பார்ப்பார்கள். கணப்பிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி உட்கார வையுங்கள், வெந்நீரை நல்ல கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கை மடங்காமல் தாங்கிப் பிடிக்க நாங்கள் செய்துகொடுக்கும் பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட்டையும் கணப்பருகே காயவைக்காதீர்கள். அது சுமார் 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் இளகும் பொருள், உருவம் போய்விடும். கழற்றி இருபது நிமிடம் கழித்தும் தோலில் சிவப்பு மறையவில்லையென்றால் மாட்டாமல் கொண்டுவாருங்கள்.

மலைவீட்டுக்குப் படிக்கட்டுதான் பெரிய சுவர். ரோட்டுக்குக் கீழே வீடு, மேடுபள்ளமான கல்படி, மழைக்காலத்தில் பாசி. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு இறங்கியவர் அடுத்த பரிசோதனை வரை மேலே வருவதே இல்லை. கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் ஏறும்போது நல்ல கைப்பக்கம் இருப்பது இறங்கும்போது வராத கைப்பக்கம் வந்துவிடும். இதைச் சொல்லாமல் வெல்டரை வரவழைத்து விடுகிறார்கள்! ஒன்றரை அங்குலக் குழாய், படியின் விளிம்பிலிருந்து சுமார் 34 முதல் 36 அங்குல உயரம், சுவரிலிருந்து இரண்டு அங்குல இடைவெளி. பனிக்காலையில் இரும்பு சில்லிட்டால் கை விட்டுவிடும். பழைய சைக்கிள் டியூபை அறுத்துச் சுற்றுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வராத கால் முதலில். துணைக்கு வருபவர் எப்போதும் கீழ்ப்படியில் நிற்க வேண்டும்.

பிளஸ் டூ பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள் ஆக்குபேஷனல் தெரபி படிக்க வரலாம். தமிழ்நாட்டில் நான்கரை ஆண்டுப் பட்டப்படிப்பாகவே நடந்துவந்திருக்கிறது, அதில் கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். வேலூர் சி.எம்.சி.யில் இருக்கிறது, மலையிறங்கினால் கோவையிலும் இருக்கிறது. சேர்க்கை விதிகள் மாறுவதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள். உடற்கூறியலோடு மனநலமும் படிக்க வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தை, மனநோயிலிருந்து மீள்பவர், கத்தரியால் தேயிலைக் கொழுந்து வெட்டி மணிக்கட்டு வீங்கியவர் எல்லோரும் எங்களிடம் வருவார்கள். மார்க் குறைந்தவர்களுக்கான படிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொறுமை இல்லாதவர் மட்டும் வர வேண்டாம்.

முதல் தடவை வரும்போது வீட்டில் போடும் ஸ்வெட்டரையும் சாப்பிடும் தட்டையும் எடுத்துவாருங்கள். படிக்கட்டு, குளியலறை, கழிப்பறை மூன்றையும் போட்டோ எடுங்கள். உட்கார வைத்து, குதிகாலிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள், கமோடு நாற்காலிக்கு அந்த அளவு வேண்டும். டிஸ்சார்ஜ் ஆன முதல் வாரத்திலேயே வாருங்கள்.