கச்சான் காற்றும் நல்லெண்ணெயும்

தென்மேல் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. பிறகு மலையிறங்கி மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் வந்து சேரும்போது அதில் ஈரம் இல்லை, சூடுதான் இருக்கிறது. அதுதான் நம் கச்சான். வைகாசி தொடங்கி ஆவணி வரைக்கும் படுவான்கரை வயல்களில் வேலை செய்பவர்களுக்கு உதடு வெடிக்கும், கணுக்கால் வெளுத்துச் செதில் எழும்பும். வீட்டுப் பெரியவர்கள் நல்லெண்ணெய்ப் போத்தலைத் தேடுவார்கள். அவர்கள் தேடுவது சரியான எண்ணெய்தான். பூசும் நேரத்தை மட்டும் கொஞ்சம் மாற்றினால் பலன் கூடும்.

தோலின் ஆக வெளிப்புறப் படையின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான். அதற்குள் இறந்த கலங்கள் 15 முதல் 20 அடுக்குகளாகக் கிடக்கின்றன. செங்கற்களுக்கு இடையே சாந்து இருப்பதுபோல அவற்றுக்கு இடையே செரமைட், கொலஸ்டரோல், கொழுப்பமிலங்கள் என்ற மூன்று வகைக் கொழுப்புகள் நிரம்பியிருக்கின்றன. உடலுக்குள் இருக்கும் நீர் ஆவியாகி ஓடிவிடாமல் காப்பது இந்தக் கொழுப்புத்தான். சவர்க்காரம் அதைக் கரைத்துக்கொண்டு போகிறது. கச்சான் வெளியிலிருந்து நீரை உறிஞ்சுகிறது. இரண்டும் சேரும்போது தோல் வெடிக்கிறது.

எண்ணெயில் தண்ணீரே கிடையாது. ஆகவே எண்ணெய் தோலுக்கு ஈரம் கொடுக்காது, இருக்கிற ஈரத்தைப் பிடித்து வைக்கத்தான் அதனால் முடியும். காய்ந்த தோலில் பூசினால் பிடித்து வைக்க அங்கே அதிகம் எதுவும் இல்லை. குளித்து, துவாயால் ஒற்றியெடுத்து, உடம்பில் ஈரம் இருக்கும்போதே சில துளிகளைத் தேய்த்துவிட வேண்டும். எண்ணெய் வைத்து ஊறவிட்டு, பிறகு சவர்க்காரம் போட்டு முழுகினால், பூசியதில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். எண்ணெய் முழுக்கின் சுகம் வேறு, அதை விடச் சொல்லவில்லை. கால் வெடிப்புக்கு அது மட்டும் போதாது என்கிறேன்.

சரி, ஏன் நல்லெண்ணெய்? 1929இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் தோலில் செதில் எழுந்தது, வாலும் புண்ணானது. குறைந்திருந்த முக்கியமான பொருள் லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பமிலம். நம் உடலால் இதைத் தயாரிக்க முடியாது, ஆனால் தோலின் முக்கியமான செரமைட்டுகளைக் கட்ட இது வேண்டும். பின்னாளில், உடலில் இந்த அமிலம் குறைந்திருந்த நோயாளிகளின் கையில் சூரியகாந்தி விதை எண்ணெயைப் பூசியபோது, தோல் வழியே நீர் வெளியேறுவது குறைந்தது.

நல்லெண்ணெயில் லினோலெயிக் அமிலம் ஏறத்தாழ 40 வீதம் இருக்கிறது. தேங்காயெண்ணெயில் அது 2 வீதம் அளவுதான். நல்லெண்ணெயில் இன்னொரு 40 வீதம் ஒலெயிக் அமிலம் என்ற வேறொரு கொழுப்பமிலம். அது தனியே மிகுந்தால் தோலின் கொழுப்பு ஒழுங்கைத் தளர்த்தும். ஒலிவ் எண்ணெயில் அதுவே பெரும்பங்கு. சூரியகாந்தியில் பொதுவாக லினோலெயிக் இன்னும் அதிகம், ஆனால் அந்த அமிலம் காற்றுப் பட்டால் சீக்கிரம் கெடும். எள்ளில் செசமின், செசமோலின் என்ற பொருள்கள் உண்டு. எள்ளை வறுக்கும்போது செசமோலினில் ஒரு பகுதி செசமோலாக மாறி எண்ணெய் கெடுவதைத் தடுக்கிறது. நம் ஊர் வெக்கையிலும் நல்லெண்ணெய் எளிதில் காறாமல் இருப்பதற்கு இந்தப் பொருள்கள் முக்கிய காரணம்.

ஈரத்தைத் தடுத்து நிறுத்துவதில் மட்டும் பார்த்தால் வசிலின் எந்தத் தாவர எண்ணெயையும் மிஞ்சிவிடும். ஆழமாக வெடித்த குதிக்காலுக்கு அதுவே நல்லது. வெயிலைத் தடுக்க நல்லெண்ணெயை நம்ப வேண்டாம். பொடுகு இருந்தால் தலையில் ஊறவைப்பதும் வேண்டாம். பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்ற பூஞ்சணம் கொழுப்பமிலங்களைத் தின்றே வாழ்கிறது. எள் ஒவ்வாமை உள்ளவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2023 முதல் உணவுப் பொதிகளில் எள்ளை ஒவ்வாமைப் பொருளாகக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். புதிதாகப் பூசுபவர்கள் முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி, ஒருநாள் விட்டு, சிவப்போ கடியோ வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.