நுண்ணெகிழி

பிளாஸ்ரிக்கின் வேர்ச்சொல் கிரேக்கத்தில் ‘பிளாஸ்ரிகோஸ்’: விரும்பிய வடிவுக்கு வார்க்கக்கூடியது. தமிழில் ‘நெகிழ்’ என்ற வினையிலிருந்து நெகிழி பிறந்தது. கண் + நீர் கண்ணீர் ஆவதுபோல நுண் + நெகிழி நுண்ணெகிழி ஆகும். ‘நுண்பிளாஸ்ரிக்’ என்று எழுதுவோரும் உண்டு; பிழையில்லை, ஆனால் நுண்ணெகிழியே நாவுக்கு இசைவானது.

நுண்ணெகிழியின் ஆங்கிலப் பெயரான மைக்ரோபிளாஸ்ரிக் என்ற சொல்லைப் பரவச் செய்தது, இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தொம்சனும் சகாக்களும் 2004இல் வெளியிட்ட கட்டுரை. 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த துண்டுகள் என்ற எல்லை, 2008இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வரங்கு ஒன்றிலிருந்து நிலைத்தது.

கழிவுநீரில் வரும் நுண்ணெகிழியில் பெரும்பங்கு செயற்கைத் துணி இழை. 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை இயந்திரத்தில் துவைத்தால் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உதிரலாம் என்று 2016 ஆய்வொன்று கணித்தது. சுத்திகரிப்பு நிலையத்தில் பொலியெஸ்ரர் (அடர்த்தி ஏறத்தாழ 1.38; நீருக்கு 1) முதல் தொட்டியிலேயே அடியில் படியும். பொலித்தீன் நீரைவிட இலேசு. எண்ணெய்ப் படையோடு மிதந்து வழித்தெடுக்கப்படும். எஞ்சியதில் பெரும்பகுதி பக்ரீரியாத் திரள்களில் ஒட்டிக்கொண்டு இறங்கும். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ அருகே ஒரு நிலையத்தில் லீற்றருக்கு 15.70 துண்டுகள் உள்ளே போய் 0.25 வெளியே வந்தன: 98 வீதத்துக்கு மேல் நீக்கம். ஆயினும் நீரின் அளவு பெரிது என்பதால் நாளொன்றுக்கு 6.5 கோடி துண்டுகள் ஆற்றுக்குப் போயின.

வீதத்தை நம்புமுன் சல்லடையின் கண்ணளவைக் கேட்க வேண்டும். 300 மைக்ரோமீற்றர் வலையால் எண்ணியவர், நீளவாக்கில் நழுவிப்போன இழைகளை எண்ணவேயில்லை. உப்புக் கரைசலில் (அடர்த்தி 1.2) மிதக்கவிட்டுப் பிரித்தால் பொலியெஸ்ரர் அடியிலேயே கிடந்துவிடும், அதற்கு நாகக் (zinc) குளோரைட்டு போன்ற இன்னும் அடர்த்தியான கரைசல் வேண்டும்.

இன்னொன்று முக்கியம். நீக்கம் என்பது அழிவு அல்ல. நீரிலிருந்து பிரிந்தது கசடில் சேர்கிறது. அந்தக் கசடு வயலுக்கு உரமாகப் போனால் நுண்ணெகிழியும் மண்ணுக்குப் போகும்.

யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு நிலையம் என்பது வளவுக்குள் இருக்கும் மலக்குழிதான். நல்ல தொட்டியில் நீர் ஒரு நாளாவது தங்க வேண்டும். கசடு நிறைந்தும் அதை உறிஞ்சியெடுக்கும் பவுசர் வராவிட்டால் தங்கும் நேரம் குறைந்து, படிய வேண்டியது, நீரை மண்ணுக்குள் விடும் ஊறுகுழிக்குள் போகும். வெளியேறும் வாயிலுள்ள ரீ வடிவக் குழாய் உடைந்தாலும் மிதப்பது நேராக வெளியேறும். கீழே இருப்பதோ சுண்ணாம்புக்கல். மணலைப்போல வடிகட்டாது, வெடிப்புகள் வழியே நீரைக் கிணற்றுப்பக்கம் விடும். சலவை நீரை வாழையடிக்கு விடுபவர்களுக்கு இழைகள் மண்ணில் தங்கும்.

சலவை இயந்திரத்துக்கு இழைகளைப் பிடிக்கும் வடி பூட்டினால், அதில் சேரும் பஞ்சைக் குழாயடியில் அலசக்கூடாது. அலசினால் அது திரும்பவும் குழிக்கே போகும். உலரவிட்டு, கட்டிக் குப்பையில் போடுங்கள்.