கடையாமல் கலக்கும் எண்ணெய்

சில மருந்துகளை மட்டும் உணவோடு சேர்த்தே உட்கொள்ளச் சொல்வது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வயிற்று எரிச்சலைத் தவிர்ப்பது ஒரு காரணம். அந்த மருந்து தண்ணீரில் எளிதில் கரையாது என்பது இன்னொரு காரணம். குடற்சுவரைக் கடந்து இரத்தத்தில் சேர வேண்டுமானால், மருந்து முதலில் குடல்நீரில் கரைந்தாக வேண்டும். கொழுப்புள்ள உணவுக்குப் பின் குடலில் வந்து சேரும் பித்தநீர், சோப்பைப் போலச் செயல்பட்டு இத்தகைய மருந்துகளை ஓரளவு கரைக்கிறது. ஆனால் பித்தத்தின் அளவு ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறும். அந்த நிச்சயமின்மையைக் குறைக்கும் வழிகளுள் ஒன்றுதான் நுண்பால்மம் எனப்படும் மைக்ரோஎமல்ஷன்.

மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் எண்ணெய், தண்ணீர், தலை நீரையும் வால் எண்ணெயையும் நாடும் பரப்புச் செயலி, அதற்குத் துணையாக எத்தனால் போன்ற சிறு மூலக்கூறு ஆகியவையே இதன் சேர்மானம். நீரில் மிதக்கும் எண்ணெய்த் துளிகளின் விட்டம் ஏறத்தாழ 10 முதல் 100 நானோமீட்டர் வரைதான்; ஒளியின் அலைநீளத்தைவிட அவை மிகச் சிறியவை என்பதால் கலவை பால்போல் வெளுக்காமல் தெளிந்து நிற்கிறது.

என்னை ஆண்டுக்கணக்காகக் கட்டிப்போட்டிருப்பது வேறொன்று: இதைக் கடைய வேண்டியதில்லை, தானாகவே உருவாகிறது. 1 மில்லிலிட்டர் எண்ணெயை 20 நானோமீட்டர் விட்டத் துளிகளாக உடைத்தால், அவற்றின் மொத்தப் பரப்பு 300 சதுர மீட்டர் ஆகிவிடும். எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலான இழுவிசை மீட்டருக்குச் சுமார் 50 மில்லிநியூட்டன் என்று கொண்டால், அத்தனை பரப்பை உண்டாக்க 15 ஜூல் தேவைப்படும். இயற்கை அதைத் தானாகச் செலவிடாது. பரப்புச் செயலியும், அதன் மூலக்கூறுகளுக்கு இடையே நுழைந்து துளியைச் சுற்றிய படலத்தை நெகிழ வைக்கும் துணைப்பொருளும் சேர்ந்து அந்த இழுவிசையை 0.001 மில்லிநியூட்டன் அளவுக்கு இறக்கிவிட்டால், செலவு 0.3 மில்லிஜூலாகச் சுருங்கிவிடும். மறுபுறம், இரண்டு லட்சம் கோடியின் ஒரு லட்சம் மடங்குக்கும் மேலான துளிகள் நீரெங்கும் சிதறுவதால் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, உயர்கிறது; அந்த வரவின் மதிப்பு தோராயமாக 1 மில்லிஜூல். வரவு செலவை மிஞ்சிவிடுகிறது! எண்ணெயையும் நீரையும் கடைந்து கலக்கும் சாதாரணப் பால்மம் எவ்வளவு கடைந்தாலும் என்றாவது பிரியும்; இதற்கோ, வெப்பநிலையும் விகிதமும் மாறாதவரை, பிரிவதற்குக் காரணமே இல்லை.

ஆய்வாளர்கள் ஹோரும் ஷுல்மனும் இத்தகைய தெளிந்த கலவைகளை விவரித்தது 1943இல். உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களுக்கான சைக்ளோஸ்போரின் மருந்து, முந்தைய எண்ணெய் வடிவத்தில் பித்தத்தையும் உணவையும் பெரிதும் நம்பியிருந்த நிலை மாறி, நியோரல் என்ற பெயரில் நுண்பால்ம வடிவம் பெற்றது 1990களின் நடுவில். இடையில் அரை நூற்றாண்டு. உடனடிப் பயனைக் காட்டினால்தான் ஆய்வுக்குப் பணம் என்று வற்புறுத்துவது தவறு என நான் உறுதியாகக் கருதுவதற்கு இந்த இடைவெளியே போதும்.

நியோரலின் மென்மையான கேப்சூலுக்குள் தண்ணீர் கிடையாது. மருந்தோடு எண்ணெயும் பரப்புச் செயலியும் துணைப்பொருள்களும் மட்டுமே இருக்கும். வயிற்று நீரே கலவையை முடித்துவைக்கிறது. சிக்கலும் அங்கேதான் எழுகிறது. பரப்புச் செயலி அதிகமானால் குடல் எரிச்சலடையும். குறைந்தாலோ, நீர் பெருகும்போது மருந்து படிகமாகப் பிரிந்து வீழ்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு சேர்மானத்தையும் செயற்கை இரைப்பை நீரில் பல மடங்கு நீர்த்துப்போகச் செய்து, அது கலங்குகிறதா என்று மணிக்கணக்கில் பார்த்த பிறகே அடுத்த கட்டத்துக்குச் செல்கிறார்கள்.