மணிக்கட்டை ஊன்றி விழாதீர்கள்: ரோலர் டெர்பி ஆட வருகிறவர்களுக்கு

திங்கட்கிழமை காலையில் என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறவர்களில் பலர் வார இறுதியில் எதையோ ஆடி அடிபட்டவர்கள். ஃபுட்சால், பேட்மிண்டன், ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிள். இதெல்லாம் பழகிப்போன கதை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆசிரியை, வயது 34, வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கியபடி வந்து "ரோலர் டெர்பி" என்றபோதுதான், அது என்ன ஆட்டம் என்று நான் கேட்க வேண்டியிருந்தது. கூட வந்த அம்மா முந்திக்கொண்டார். "கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டு ஒருத்தர ஒருத்தர் இடிக்கிறாங்களாம்மா. இந்த வயசுல இதெல்லாம் தேவையா?"

அம்மா சொன்ன விளக்கத்தில் பெரிய தப்பு ஒன்றுமில்லை. சடுகுடு தெரிந்தவர்களுக்கு இந்த ஆட்டம் சீக்கிரம் புரியும். ஒவ்வொரு அணியிலும் 5 பேர் களத்தில் இருப்பார்கள். தலைக்கவசத்தில் நட்சத்திரம் போட்டவர் ஜாமர், பாடிப் போகிறவர் மாதிரி. மற்ற 4 பேரும் பிளாக்கர்கள், அவரை மடக்குகிறவர்கள். ஒரே வித்தியாசம், இங்கே இரண்டு அணிகளின் ஜாமர்களும் ஒரே நேரத்தில் கூட்டத்துக்குள் புகுவார்கள். ஒருமுறை கூட்டத்தைக் கடந்துவிட்டு, அடுத்த சுற்றிலிருந்து எதிரணி பிளாக்கர் ஒருவரைத் தாண்டினால் ஒரு புள்ளி. இப்படி ஒருமுறை ஆடுவதற்கு ஜாம் என்று பெயர். ஒரு ஜாம் அதிகபட்சம் 2 நிமிடம். அடுத்ததற்கு முன் 30 விநாடி மூச்சு வாங்கலாம். 30 நிமிடப் பகுதிகள் இரண்டு. முதுகில் இடிக்கக்கூடாது, தலையைத் தொடக்கூடாது, முழங்கையால் குத்தக்கூடாது. தப்பு செய்தால் 30 விநாடி வெளியே உட்கார வேண்டும். ஏழு முறை செய்தால் அன்றைய ஆட்டம் அவ்வளவுதான்.

1935இல் சிகாகோவில் லியோ செல்ட்சர் என்பவர் நீண்ட தூர ஸ்கேட்டிங் பந்தயமாகத் தொடங்கியது இது. இன்று ஆடப்படும் வடிவத்துக்கு உயிர் கொடுத்தவர்கள் 2000களின் தொடக்கத்தில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரத்துப் பெண்கள். சிங்கப்பூரில் உருவான குழு ஒன்று தனக்குச் 'சில்லி பாடி' என்று பெயர் வைத்துக்கொண்டது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதன் உள்ளூர் மிளகாய் வடிவம்.

சரி, ஆசிரியையின் மணிக்கட்டுக்கு வருவோம். விழுந்தது ஆட்டத்தில் இல்லை. யாரும் இடிக்கவும் இல்லை. பயிற்சிக்கு முன், "சும்மா ஒரு சுற்று" என்று மணிக்கட்டுக் காப்பு இல்லாமல் கிளம்பியிருக்கிறார். பின்னால் சாய்ந்திருக்கிறார், கை தானாகப் பின்னால் போயிருக்கிறது. உள்ளங்கையை விரித்து ஊன்றியபடி விழுந்தால் உடம்பின் எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். அன்றே எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரியவில்லை. சுளுக்குத்தான் என்று அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று சீன மருத்துவரான சின்சேயிடம் போய் எண்ணெய் போட்டு நீவியிருக்கிறார். மூன்று வாரம் கழித்தும் வலி போகாமல் என்னிடம் வந்தார்.

கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டு ஓரத்தில் ஒரு பள்ளம் விழும். அங்கே லேசாக அழுத்தினேன், துள்ளிவிட்டார். அந்தப் பள்ளத்துக்குள் இருப்பது படகு வடிவ எலும்பு, ஸ்காஃபாய்டு. அதில் விரிசல் விழுந்தால் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். சந்தேகம் இருந்தால் கையை அசையாமல் கட்டி, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி படம் எடுப்பார்கள், அல்லது எம்ஆர்ஐ பார்ப்பார்கள். அந்த எலும்பின் பெரும்பகுதிக்கு ரத்தம் ஒரு முனையிலிருந்துதான் போகிறது. அதனால் கவனிக்காமல் விட்டால் கூடாமலே போய், ஒரு பகுதி செத்துவிடவும் கூடும். எண்ணெய் நீவுவதை நான் பழிக்கவில்லை. என் பாட்டியும் நீவியவர்தான். எலும்பு முறியவில்லை என்று உறுதியான பிறகு நீவலாமே.

ஆகவே டெர்பிக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "விழத் தெரியுமா?" என்றுதான். முன்பக்கம் விழ வேண்டும், முட்டிக் காப்பின் மேல். உடம்பைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். விரல்களை மடக்கி முஷ்டியாக வைத்துக்கொள்ள வேண்டும். விரித்த விரல் மேல் அடுத்தவர் சக்கரம் ஏறிவிடும். விழுந்த வேகத்தில் எழுந்துவிட வேண்டும். ஒரு முட்டியில் விழுந்து எழுவது, இரண்டு முட்டியில் விழுந்து எழுவது என்று தனித்தனியாகப் பழகுங்கள். வலதுபக்கம் எளிதாக வரும், இடதுபக்கம் தகராறு செய்யும். தகராறு செய்யும் பக்கத்தை இரண்டு மடங்கு பழகுங்கள். இந்தக் கட்டுரையை எழுதுகிறவர் 41 வயதில் ஒரே ஒரு முறை ஸ்கேட் கட்டிப் பார்த்து, வால் எலும்பில் உட்கார்ந்து, இரண்டு வாரம் தலையணை வைத்து எம்ஆர்டி ரயிலில் போனவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காசு செலவழிக்கும் வரிசையிலும் பலர் தவறுகிறார்கள். அழகான ஸ்கேட்டுக்கு முதலில் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் மெலிந்த முட்டிக் காப்பு வாங்குகிறார்கள். நான் சொல்லும் வரிசை வேறு: தடித்த, கெட்டியான மூடி வைத்த முட்டிக் காப்பு, தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு, முழங்கைக் காப்பு, பல் காப்பு. அப்புறம்தான் ஸ்கேட். முதல் சில மாதங்களுக்கு இரவல் ஸ்கேட் போதும். சக்கரத்தில் அதன் கடினத்தைக் காட்டும் ஓர் எண் இருக்கும். எண் குறைந்தால் மென்மை, பிடிப்பு அதிகம். வழுக்கும் தரைக்கு மென்மையானது, பிடிக்கும் தரைக்குக் கடினமானது. இதற்கு மேல் உங்கள் பயிற்றுநரைக் கேளுங்கள்.

தலைக்கவசம் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சைக்கிள் கவசம் ஒரே ஒரு பெரிய அடிக்காகச் செய்தது; உள்ளே இருக்கும் நுரை நசுங்கிவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஸ்கேட்டிங்குக்கென்று பல அடிகளைத் தாங்கும் கவசம் தனியாக உண்டு. எதைப் போட்டாலும் மண்டையோடு உடைவதைத்தான் அது பெரும்பாலும் தடுக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முழுவதும் தடுக்காது. தலை குலுங்கிய பின் தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சம் கூசுதல், "எத்தனையாவது ஜாம் இது?" என்ற குழப்பம், இதில் ஒன்று இருந்தாலும் அன்று மறுபடி களத்தில் இறங்கக்கூடாது. மயங்கி விழவில்லையே என்று வாதாடாதீர்கள். மயக்கம் வராமலும் கன்கஷன், அதாவது மூளை குலுங்கிய பாதிப்பு, வரும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கை கால் மரத்துப்போதல் என்றால் உடனே ஆம்புலன்ஸுக்கு 995. மற்றபடி டாக்டரைப் பாருங்கள், ஒன்றிரண்டு நாள் ஓய்வு, பிறகு படிப்படியாகத் திரும்புங்கள். இடிபடும் பயிற்சி கடைசிப் படி.

நிற்கும் நிலையில் நம் பெண்கள் சிலருக்கு ஒரு சாதகம் இருக்கிறது, கூடவே ஒரு தொல்லையும். பரதம் கற்றவர்களுக்கு அரைமண்டி ரத்தத்தில் ஊறியிருக்கும். தொடை வலுவாக இருக்கும், தாழ்ந்து நிற்க அஞ்சமாட்டார்கள். ஆனால் அரைமண்டியில் பாதம் இரண்டும் வெளியே திரும்பியிருக்கும். ஸ்கேட்டில் அப்படியே நின்றால் ஒரு கால் தஞ்சாவூருக்கும் மறுகால் மதுரைக்கும் போகும். முட்டியும் பாதமும் போகிற திசையைப் பார்க்க வேண்டும், நெஞ்சு நிமிர்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, டெர்பி ஆட்டக்காரர்களிடம் மட்டும் நான் அடிக்கடி பார்ப்பது. ஆட்டம் எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் சுற்றுகிறது. வளைவில் வலது கால் இடது காலைத் தாண்டித் தாண்டி விழுகிறது. மாதக்கணக்கில் இதையே செய்தால் இரண்டு இடுப்பும் இரண்டு விதமாகிவிடும். பயிற்சி முடிவில் சில நிமிடம் எதிர்ப்பக்கமாகச் சுற்றச் சொல்லிப் பயிற்றுநரைக் கேளுங்கள். ஸ்கேட் இல்லாத நாட்களில் ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழுவது, ஒற்றைக்காலில் குதிகால் உயர்த்துவது, இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்கான பயிற்சி. வாரம் இரண்டு நாள், வீவக அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் செய்யலாம்.

5 நிமிடத்தில் 27 சுற்று என்பது நெடுங்காலமாகப் புதியவர்களை அளந்த அளவுகோல். அந்த எண்ணைத் துரத்துகிறவர்கள் களைத்த பிறகும் துரத்துகிறார்கள், பிரச்சினை அங்கேதான். என்னிடம் வந்த கதைகளில் அடிபட்ட நேரம் பெரும்பாலும் பயிற்சியின் கடைசி அரைமணிதான். நம் ஊர்ப் புழுக்கத்தில், குளிர்சாதனம் இல்லாத அரங்கில் களைப்பு இன்னும் சீக்கிரம் வரும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது என்று கணக்கு. 60 கிலோ உள்ளவருக்கு 1.2 கிலோ குறைந்தாலே ஆட்டம் தளரத் தொடங்கும். காப்புகளை ஈரத்தோடு பையில் மூடி வைத்தால் வரும் நாற்றத்தை விவரிக்கப் போவதில்லை. காற்றில் காயப் போடுங்கள், ஆனால் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் வேண்டாம். பன்னிரண்டாம் மாடியிலிருந்து முட்டிக் காப்பு விழுந்தால் டெர்பி ஆடாதவருக்கும் தலைக்கவசம் தேவைப்படும்.

டெர்பியில் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொள்வது வழக்கம். ஆசிரியை தனக்கு வைத்துக்கொண்டது 'இடியாப்பம்'. அதைக் கேட்டு அவர் அம்மாவே சிரித்துவிட்டார்.

கை குணமாகி ஓராண்டு ஆடியபின் மறுபடி வந்தார். இந்த முறை கணுக்கால், ஒருவர் ஸ்கேட்டில் இடறி முறுக்கிக்கொண்டது. நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் முட்டியின் பின்விளிம்பில் எலும்பைத் தொட்டால் வலித்தாலோ எக்ஸ்ரே வேண்டும். அவருக்கு முறிவில்லை, தசைநார் கிழிசல். ஆறு வாரம் கழித்து "வலியே இல்லக்கா, இந்தச் சனிக்கிழமை ஆட்டம் இருக்கு" என்றார். சுவரில் விரல் நுனியை வைத்து, ஒற்றைக்காலில் குதிகாலை உயர்த்தச் சொல்லி எண்ணினேன். நல்ல காலில் 25. அடிபட்ட காலில் 17இல் நடுங்கத் தொடங்கி 19இல் நின்றுவிட்டது.

"இன்னும் இரண்டு வாரம்" என்றேன். முறைத்தார். அந்தச் சனிக்கிழமை ஸ்கேட் இல்லாமல் போய், தண்டனைப் பெட்டி ஓரத்தில் ஸ்டாப்வாட்ச்சோடு உட்கார்ந்து 30 விநாடிகளை எண்ணிக் கொடுத்தாராம். அங்கிருந்து பார்த்தபோதுதான், பிளாக்கர்கள் தன்னை எந்த இடத்தில் மடக்குகிறார்கள் என்பதே தெரிந்ததாம்.