கழுத்தில் இருப்பது அழுக்கு அல்ல

பிளஸ் டூ படிக்கும் மகளை அழைத்து வந்த ஒரு தாய், "டாக்டர், எவ்வளவு தேய்ச்சாலும் இந்த அழுக்கு போகவே மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே அவளுடைய பின்னலை ஒதுக்கிக் காட்டியபோது, பின்கழுத்தின் கருமையைவிட அதன்மேல் இருந்த சிராய்ப்புகள்தாம் முதலில் என் கண்ணில் பட்டன. எலுமிச்சைச் சாற்றில் ஆப்பசோடாவைக் குழைத்துப் பூசி, பீர்க்கங்காய் நாரால் தேய்த்திருக்கிறார்கள். தோல் உரிந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. தோல் மருத்துவர்கள் எத்தனை முறை சொன்னாலும் தேய்ப்பது நிற்காததால், இதை எழுத வேண்டியிருக்கிறது.

அது அழுக்கு அல்ல. அழுக்கு ஏடாகப் படிந்து கருமையாகத் தெரியும் நிலை ஒன்று உண்மையிலேயே உண்டு. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தால் அது பஞ்சோடு வந்துவிடும் என்பதால், நம்ப மறுப்பவர்களுக்கு எதிரிலேயே துடைத்துக் காட்டிவிடுவேன். கவரிங் சங்கிலியும் காரணம் அல்ல. சங்கிலி ஒவ்வாமை என்றால் அரிப்பும் தடிப்பும் சங்கிலி படும் கோட்டிலேயே இருக்கும். இதுவோ சங்கிலியே படாத அக்குளிலும் தொடை இடுக்கிலும் சேர்ந்தே வருகிறது. வெயிலும் அல்ல, அக்குளில் வெயில் படுவதில்லை. எடை, குறிப்பாக வயிற்றுப் பகுதிச் சதை, கூடும்போது உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாமல் போகிறது; அதை ஈடுகட்டக் கூடுதலாகச் சுரந்து இரத்தத்தில் மிகுந்துவிட்ட இன்சுலின் தோலின் செல்களைத் தூண்டிப் பெருகச் செய்கிறது. அதனால் தோல் தடித்து, வெல்வெட் துணிபோல மடிப்புமடிப்பாகிக் கருத்துத் தெரிகிறது. நிறமி கூடியதைவிடத் தோல் தடித்ததுதான் இங்கே முதன்மை என்பதால், சிவப்பழகு களிம்பு எதுவும் இதற்குப் பயன்படாது. தேய்க்கத் தேய்க்கத் தோல் இன்னும் தடிக்கவே செய்யும்.

எடை கூடியவர்கள் மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் மருத்துவரிடம் போகிறார்கள். தோலில் படும் அவஸ்தையை மட்டும் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். நடக்கும்போது தொடைகள் உரசிப் புண்ணாகின்றன, மார்புக்குக் கீழும் அடிவயிற்று மடிப்பிலும் வியர்வை காயாமல் தேங்கி எரிகிறது, கழுத்தில் சின்னச் சின்ன மருக்கள் தொங்குகின்றன. அந்த மருக்களை முடியால் கட்டி அறுப்பதும் சுண்ணாம்பு வைத்துப் பொசுக்குவதும் வேண்டாம். அவற்றை அகற்றுவது மருத்துவரிடம் சில நிமிட வேலை.

மடிப்புகளில் வரும் அரிப்பும் படர்தாமரையும்தான் பெரிய தலைவலி. மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒரு ஆயின்ட்மென்ட்" என்று கேட்டு வாங்கும் களிம்புகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். பூசுவதை நிறுத்தியதும் முன்னைவிட அகலமாகப் படர்ந்து திரும்பும். மாதக்கணக்கில் பூசியவர்களின் தொடை இடுக்கில் தோல் மெலிந்து, பிறகு எந்த மருந்துக்கும் முழுதாக மறையாத வரித்தழும்புகள் விழுந்திருப்பதைப் பார்க்கிறோம். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு 2018-இல் சேர்த்துவிட்டது. விற்பனை மட்டும் நின்றபாடில்லை.

குளித்தபின் மடிப்புகளைப் பருத்தித் துண்டால் ஈரமில்லாமல் ஒற்றியெடுங்கள். பவுடரை அப்பாதீர்கள், வியர்வையோடு சேர்ந்து அது கட்டியாகி மேலும் உரசும். உள்ளாடைகள் நன்றாகக் காய்ந்த பிறகே அணியுங்கள். துண்டை வீட்டார் யாருடனும் பகிர வேண்டாம். கழுத்துக் கருமை இருந்தால் அழகு நிலையத்துக்குப் போகும் முன் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் (HbA1c) பரிசோதியுங்கள், சராசரி 5.7 சதவீதத்தைத் தொட்டுவிட்டாலே எச்சரிக்கை, 6.5 சதவீதம் என்றால் அது நீரிழிவு. இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள்: நம்மவர்களில் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பதே எல்லை. மாதவிடாய் தள்ளித் தள்ளி வரும் பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டிக்கான பரிசோதனையும் தேவை. எண்பது கிலோ இருப்பவர் நான்கைந்து கிலோ குறைத்தாலே இன்சுலின் இறங்கத் தொடங்கும். கழுத்து தெளிவதற்குப் பல மாதங்கள் ஆகும், அதுவரை பூசும் மருந்துகள் துணைதானே தவிர வைத்தியம் அல்ல.

தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். உறவினர் எதிரில் "கழுத்தை ஒழுங்கா தேய்ச்சுக் குளிக்கிறதில்லை" என்று பிள்ளைகளைச் சொல்லாதீர்கள். அவர்கள் குளிக்காமல் இல்லை. பலர் தேவைக்கு மேல் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இவை எல்லாம் எடை கூடியவர்களுக்கு. ஒல்லியாக இருக்கும் நடுவயதினர் அல்லது முதியவர் ஒருவருக்கு இதே கருமை சில வாரங்களில் திடீரென்று பரவி, உள்ளங்கை தடித்து, வாய்க்குள்ளும் மாற்றம் தெரிந்து, எடையும் குறைந்துகொண்டே வந்தால், அதன் பின்னே இரைப்பைப் புற்றுநோய் இருக்கக்கூடும். அவருக்கு எண்டோஸ்கோப்பி செய்வதைத் தள்ளிப்போடக் கூடாது.